பாரைக் கடைவதா, பவுடரை அடுக்குவதா, லேசரில் பூசுவதா? நம் கடற்கரைப் பட்டறைகளுக்கு ஒரு டூல் ஸ்டீல் ஒப்பீடு

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி போன மாதம் கூப்பிட்டார். வலை மிதவை ஊற்றும் பிளாஸ்டிக் அச்சு வைத்திருக்கிறார், அதன் கோர் இன்செர்ட் (அச்சின் உள்ளே மாட்டும் தனித் துண்டு) தேய்ந்துவிட்டது, கோயம்புத்தூரில் ஒருவர் லேசரில் பிரிண்ட் பண்ணித் தருவதாகவும் அச்சை ஆற்றும் தண்ணீர் வழி வளைந்து வளைந்து வரும், ஷாட் (ஒருமுறை ஊற்றி எடுப்பது) சீக்கிரம் விழும் என்றும் சொல்லியிருக்கிறார். "பண்ணலாமா அண்ணே?" அதே வாரம் மண்டபத்தில் ஐஸ் கம்பெனி நடத்துபவர் வேறு கேள்வியோடு வந்தார். ஐஸ் உடைக்கும் மிஷினின் பற்கள் மாதத்துக்கு ஒன்றிரண்டு மூக்கு உடைகின்றன, லேசரில் மேலே உலோகம் பூசித் தருகிறார்களாமே, அது தாங்குமா என்று. இதற்கு முன்பும் பலர் இதே ரகக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது வருஷம் டூல் ரூமில் வேலை பார்த்துவிட்டு உச்சிப்புளியில் பட்டறை போட்டவன் என்பதால் மூன்று வழிகளிலும் கை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்ததை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

மூன்று வழி என்றால் இவை. பார் ஸ்டீல் வாங்கிக் கடைந்து, ஹார்ட்னிங் பண்ணி, கிரைண்டிங் முடிப்பது. பவுடரை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் உருக்கிப் பாகத்தையே பிரிண்ட் எடுப்பது, இதுதான் பவுடர் பெட். பழைய பாகத்தின் தேய்ந்த இடத்தில் மட்டும் லேசரோடு பவுடரைப் பீய்ச்சி உலோகம் ஏற்றுவது, இதைத்தான் நாம் லேசர் பூச்சு என்கிறோம்.

## எதை வைத்து முடிவு எடுப்பது

எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: அந்தப் பாகம் எப்படிச் செத்தது? தேய்ந்ததா, மூக்கு உடைந்ததா, சூட்டில் வலைப்பின்னலாக விரிசல் விட்டதா, துரு அரித்ததா? தேய்ந்ததற்குக் கடினம் வேண்டும். உடைந்ததற்குக் கடினத்தைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் உடையும். இது தெரியாமல் மிஷினைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இரண்டாவது, வேலை முடிந்த பிறகு ஸ்டீலின் உள்ளமைப்பு என்னவாக இருக்கும். மூன்றாவது உப்பு. பாம்பன் பழைய ரயில் பாலத்துக்கு 1914 முதல் ஓயாமல் பெயிண்ட் அடித்தும் துருவோடுதான் போராட வேண்டியிருந்தது, அந்தக் காற்றுதான் நம் பட்டறைக்குள்ளும் வருகிறது, போர் தண்ணீரும் பல ஊர்களில் உப்புதான். நான்காவது கெடு. ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகும் வலையும் ஐஸ் மிஷினும் பழுது பார்க்கப்படும், ஜூன் 15-க்கு எல்லாம் ஓட வேண்டும். கடைசியாக மொத்தச் செலவு. பாகத்தின் விலையோடு போக்குவரத்து, ஹார்ட்னிங், ஃபினிஷிங், ஒருமுறை கெட்டுப்போனால் திரும்பச் செய்யும் காசு எல்லாம் சேர்ந்ததுதான் அது.

## பெயர் ஒன்று, உள்ளே ஸ்டீல் வேறு

இந்த இடத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நாம் ஹெச்.டி.எஸ் என்று கேட்டு வாங்கும் ஹெச்-13 ஸ்டீலில் கார்பன் 0.4 சதவீதம் சுமார், குரோமியம் 5, மாலிப்டினம் 1.3 அளவு, வனேடியம் 1. பாராக வாங்கினாலும் பவுடராக வாங்கினாலும் கலவை இதேதான். ஆனால் பார் என்பது பெரிய இங்காட்டாக (வார்ப்புக் கட்டியாக) மெதுவாக ஆறி, அடிபட்டு, உருட்டப்பட்டு, அனீல் ஆகி (சூடேறி மெதுவாக ஆறி மிருதுவாகி) நம் கைக்கு வருவது. பவுடர் பெட் மிஷினிலோ 30 முதல் 50 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) கனத்தில் பரப்பிய பவுடர் மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள ஒளிப்புள்ளி ஓடுகிறது. அது உருக்கிய சின்னக் குட்டை நொடிக்கு லட்சம் டிகிரியிலிருந்து பத்து லட்சம் டிகிரி வரையான வேகத்தில் ஆறுகிறது. எண்ணெயில் முக்கி எடுக்கும் குவென்ச்சிங் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

பிரிண்ட் எடுத்த துண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, நைட்டால் என்ற அமிலக் கரைசலைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். விளைமீன் செதில் மாதிரி அரைவட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். ஒவ்வொரு செதிலும் லேசர் ஓடிய ஒரு தடம். இன்னும் பெரிதாக்கினால் செதிலுக்குள் தேன்கூடு மாதிரி அறைகள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மைக்ரான் அகலம்தான் இருக்கும். உறையும்போது கார்பன், மாலிப்டினம், வனேடியம் எல்லாம் அறைச் சுவருக்குத் தள்ளப்படும். அதனால் அறையின் நடுப்பகுதி மார்ட்டன்சைட்டாக (ஸ்டீலின் கடினமான அமைப்பாக) மாறிவிடும், சுவரில் ஆஸ்டினைட் (சூட்டில் இருக்கும் மிருதுவான அமைப்பு) மாறாமல் தங்கிவிடும். இதற்கு மேல் இன்னொன்று, மேல் அடுக்கு உருகும்போதெல்லாம் கீழ் அடுக்குகள் சூடாகி டெம்பர் ஆகிக்கொண்டே (மிதச் சூட்டில் பதப்பட்டுக்கொண்டே) வரும். கடைசியாகப் போட்ட சில அடுக்குகளுக்கு அந்தச் சூடு கிடைக்காது. ஒரே பாகத்தில் உச்சியில் ஒரு கடினம், அடியில் இன்னொரு கடினம் என்று வருவது இதனால்தான்.

அப்புறம் உள் அழுத்தம். ஒவ்வொரு தடமும் ஆறும்போது சுருங்கப் பார்க்கும், கீழே இருப்பது விடாது, இழுவை அப்படியே உள்ளே உறைந்துவிடும். கார்பன் அதிகமான ஸ்டீல் அந்த இழுவையைத் தாங்காமல் பிரிண்ட் ஆகும்போதே விரிசல் விடும். எம்-2 ஹைஸ்பீட் ஸ்டீலையும், நாம் எச்.சி.எச்.சி.ஆர் என்று சொல்லும் டி-2-வையும் பிரிண்ட் எடுப்பது கஷ்டம் என்பதற்கு இதுதான் காரணம், பாகம் எந்தத் தட்டின் மேல் எழும்புகிறதோ அந்தத் தட்டை நன்றாகச் சூடேற்றி வைக்காமல் அவற்றை எடுக்க முடியாது.

இதிலிருந்து ஒன்று நேராக வருகிறது. பார் ஸ்டீலுக்கான ஹார்ட்னிங் சார்ட்டைப் பிரிண்ட் பாகத்துக்கு அப்படியே போடக்கூடாது. பிரிண்ட் எடுத்த ஹெச்-13-ஐ 1020 டிகிரிக்கு ஏற்றிக் குவென்ச் செய்தால் அந்த நுண்ணிய அறைகள் கரைந்து சாதாரண மார்ட்டன்சைட் ஆகிவிடும், கூடவே வளைவும் வரும். அதை விட்டுவிட்டு நேராக 550 முதல் 600 டிகிரியில் டெம்பர் செய்தால் சுவரில் தங்கிய ஆஸ்டினைட் உடைந்து, நுண்ணிய கார்பைடுகள் (கார்பன் சேர்ந்த கடினத் துகள்கள்) விழுந்து, கடினமும் நிற்கும், உள் அழுத்தமும் தளரும். சுடுவேலை அச்சுக்கு எனக்கு இதுதான் பிடித்த வழி. ஒரே கடினம் பாகம் முழுக்கச் சீராக வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் குவென்ச்சிங்தான், அதற்கும் இடம் உண்டு.

மாரேஜிங் 300 என்ற நிக்கல் ஸ்டீலின் கதை வேறு. கார்பன் 0.03 சதவீதத்துக்கும் கீழ், நிக்கல் 18, கோபால்ட் 9, மாலிப்டினம் 5, கொஞ்சம் டைட்டானியம். கார்பன் இல்லாததால் இதன் மார்ட்டன்சைட் மிருது, விரிசல் பயம் குறைவு, பிரிண்ட் முடிந்ததும் 33 முதல் 37 ஹெச்.ஆர்.சி (ராக்வெல் கடின அளவு) அளவில் இருக்கும், சாதாரண டூலிலேயே கடையலாம். கடைந்த பிறகு 490 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தால் நிக்கல்-டைட்டானியம், நிக்கல்-மாலிப்டினம் துகள்கள் உள்ளே படிந்து 50-ஐத் தாண்டிவிடும். முக்கி எடுக்கும் வேலையே இல்லாததால் அளவு பெரிதாக மாறாது. அச்சுப் பட்டறைகள் பிரிண்டுக்குப் பெரும்பாலும் இதையே கேட்பதற்கு இதுதான் காரணம். குறை ஒன்று, குரோமியம் இல்லை, நம் ஊரில் துரு பிடிக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| கணக்கு | பார் + ஹார்ட்னிங் | பவுடர் பெட் பிரிண்ட் | லேசர் பூச்சு |
|---|---|---|---|
| உள்ளமைப்பு | பாகம் முழுக்க ஒரே சீர், டி-2-வில் பெரிய கார்பைடு | மிக நுண்ணிய அறைகள், உச்சிக்கும் அடிக்கும் வித்தியாசம் | மேலே நுண்ணியது, கீழே பழைய ஸ்டீல், நடுவில் சூடு பட்ட பட்டை |
| முக்கியப் பயம் | குவென்ச்சில் வளைவு | உள் அழுத்தம், நுண்துளை | இணைப்பில் விரிசல், மிருதுவான பட்டை |
| வடிவம் | துளை நேராகத்தான் போகும் | வளைந்த தண்ணீர் வழி வரும் | இருக்கும் வடிவத்தில் ஏற்றலாம் |
| ஃபினிஷிங் | கிரைண்டிங், ஸ்பார்க் (மின்பொறியால் அரிப்பது) | தட்டிலிருந்து ஒயர்கட் (மின்கம்பியால் அறுப்பது), முழு மெஷினிங் | பூசிய இடத்தில் கிரைண்டிங் |
| நமக்கு எட்டும் தூரம் | மதுரை போதும் | கோயம்புத்தூர், பெங்களூரு | கோயம்புத்தூர், ஹைதராபாத் |
| திரும்பப் பழுது பார்ப்பது | எளிது | மாரேஜிங் எளிது, மற்றது யோசிக்க வேண்டும் | இரண்டாம் முறை கஷ்டம் |

## பார் ஸ்டீல்: எப்போது இதிலேயே நிற்பது

பெரும்பாலான வேலைக்கு இதுதான் சரி, இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பிரிண்ட் பவுடர் ஆயிரக்கணக்கில். ஹார்ட்னிங் செய்பவருக்குச் சார்ட் மனப்பாடம். தடைக்காலத்துக்குள் முடித்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு ஸ்டீலைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பதில் வருகிறது. ஐஸ் பல்லுக்கு நம் ஆட்கள் எச்.சி.எச்.சி.ஆர் போட்டு 60 ஹெச்.ஆர்.சி வரை ஏற்றுவார்கள், கடினமாக இருந்தால் தேயாது என்று. டி-2-வில் கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12. பாரில் இதன் குரோமியக் கார்பைடுகள் பத்து, இருபது மைக்ரான் பெரிய கட்டிகளாக, உருட்டிய திசையில் வரிசைகட்டி நிற்கும். உராய்வுக்கு அவை நல்லவை. ஐஸ் பார் வந்து விழும் அடிக்கு அந்த வரிசையிலேயே விரிசல் ஓடும், மூக்கு போகும். ஹெச்-13-ஐ 48 முதல் 50-க்குள் வைத்தால் அதே பல் அடியை வாங்கிக்கொள்ளும். அந்த மண்டபத்துக்காரருக்கு நான் சொன்னதும் இதுதான், லேசர் பக்கமே போக வேண்டாம், ஸ்டீலை மாற்றுங்கள் என்று.

தேய்மானமும் வேண்டும், அடியும் தாங்க வேண்டும் என்ற இக்கட்டு வந்தால் பவுடர் மெட்டலர்ஜி பார் என்று ஒன்று உண்டு. பவுடரைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்த பார், கார்பைடு ஓரிரு மைக்ரான்தான், நீங்கள் லேத்திலேயே கடையலாம். விலை கூடுதல்தான், ஆனாலும் பிரிண்டுக்குப் போகும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, கேவிட்டியை (அச்சின் குழியை) ஸ்பார்க்கில் எடுத்தால் மேலே உருகி உறைந்த வெள்ளை அடுக்கு நிற்கும். அதைக் கல் போட்டு எடுக்காமல் ஓட்டினால் சூடு ஏறி இறங்கும் அச்சில் முதல் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

## பவுடர் பெட் பிரிண்ட்: எங்கே காசு திரும்பும்

பிளாஸ்டிக் அச்சில் ஒரு ஷாட்டுக்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி பாகம் ஆறுவதற்குப் போகிறது. நேர்த்துளை தண்ணீர் வழி மிதவையின் உருண்டை வடிவத்துக்குப் பக்கத்தில் ஒரே சீராகப் போக முடியாது, எங்கோ ஒரு சூடான இடம் மிஞ்சும், அந்த இடம் ஆறும் வரை எல்லாம் காத்திருக்க வேண்டும். உருண்டையை ஒட்டி வளைந்து போகும் வழியை லேசர் பிரிண்டில் எளிதாக எடுக்கலாம், இங்கே அது உண்மையாகவே ஜெயிக்கிறது. மூன்று ஷிஃப்டும் ஓடும் அச்சென்றால் காசு திரும்பிவிடும். வருஷத்தில் சில ஆயிரம் மிதவை மட்டும் அடிக்கும் அச்சென்றால் திரும்பாது.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். பிரிண்ட் ஆன மேற்பரப்பு சொரசொரப்பு, பார்க்கும் முகம் எல்லாவற்றையும் மெஷினிங் பண்ணியாக வேண்டும், அதற்கு அரை மில்லிமீட்டராவது கூடுதல் விட்டுக் கேளுங்கள். தண்ணீர் வழிக்குள் இருக்கும் சொரசொரப்பைத் தொட முடியாது. உள்ளே தங்கிய பவுடரை அடுப்புக்குப் போகும் முன் முழுக்க வெளியே எடுக்காவிட்டால் அது இறுகி வழியையே அடைத்துவிடும். கண்ணாடிப் பாலிஷ் கேட்கும் அச்சில் நுண்துளைகள் புள்ளிப் புள்ளியாக வெளியே தெரியும். உருண்டைத் துளை என்றால் வாயு மாட்டியது, கோணல்மாணலாக இருந்தால் பவுடர் சரியாக உருகவில்லை, இந்தக் கோணல் துளைதான் ஆபத்து, விரிசலுக்கு அதுவே வாசல்.

மூன்று வருஷம் முன்னால் ஒரு இன்செர்ட் வெளியூரில் பிரிண்ட் எடுத்தேன். அவர்கள் அழுத்தம் தளர்த்தும் சூட்டைக் கொடுக்காமலேயே தட்டிலிருந்து ஒயர்கட்டில் அறுத்துவிட்டார்கள். அறுத்து முடிக்கும்போதே இரண்டு முனையும் மேலே எழும்பிவிட்டது, மெஷினிங்குக்கு விட்டிருந்த கூடுதலே போதவில்லை, பாகம் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து ஆர்டரில் முதல் வரியாக எழுதுவது, தட்டோடு சேர்த்தே அடுப்பில் வைக்க வேண்டும், பிறகுதான் அறுக்க வேண்டும் என்பதுதான்.

உப்புக்கு வருவோம். வளைந்த வழியின் விட்டம் சின்னது, சுவர் சொரசொரப்பு, அதில் நம் போர் தண்ணீரை ஓட்டினால் உப்பும் சுண்ணாம்பும் படிந்து சில மாதத்தில் வழி சுருங்கும். ஷாட் நேரம் பழையபடி ஏறும், நேர்த்துளையாவது கம்பி விட்டுக் குத்தலாம், இதில் அதுவும் முடியாது. இன்னும் மோசம், முழுக் கடினம் ஏறிய மாரேஜிங் ஸ்டீல் குளோரைடுத் தண்ணீரில், இழுவையும் சேர்ந்தால், விரிசல் விடும் குணம் கொண்டது. ஆகவே சில்லரும் (தண்ணீரைக் குளிர்விக்கும் மிஷின்), ஆர்.ஓ. தண்ணீரும், துருத் தடுப்பு மருந்தும் சேர்ந்த மூடிய சுற்று இல்லாமல் பிரிண்ட் இன்செர்ட் வாங்காதீர்கள், அந்தச் செலவையும் பிரிண்ட் விலையோடு சேர்த்துக் கூட்டுங்கள். குரோமியம் 12 சதவீதமுள்ள, மாரேஜிங் மாதிரியே துகள் படிந்து கடினமாகும் துருப்பிடிக்காத ரகங்களும் பவுடராகக் கிடைக்கின்றன, கோராக்ஸ் அப்படி ஒன்று. நம் கடற்கரைக்கு முதலில் அதைத்தான் விசாரிப்பேன்.

செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி உண்டு. தண்ணீர் வழி வளைய வேண்டியது மேல்பகுதியில் மட்டும்தான் என்றால் அடிப்பகுதியைப் பாரில் கடைந்து, அதையே மிஷினில் வைத்து, மேல்பகுதியை மட்டும் அதன் மேல் பிரிண்ட் எடுக்கலாம். ஒரு லேசர் மிஷின் மணிக்கு ஏற்றுவது சில கன சென்டிமீட்டரிலிருந்து இருபது வரைதான், காசு போவது அந்த மணிக்கணக்குக்குத்தான், பாதி உயரம் மிச்சமானால் பில்லும் அந்த அளவு இறங்கும்.

## லேசர் பூச்சு: பழையதைக் காப்பாற்றும்போது

இதில் ஒளிப்புள்ளி ஒன்றிலிருந்து சில மில்லிமீட்டர் அகலம், பவுடரும் தடிமன். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் ஏறும். ஆர்கான் வெல்டிங்கோடு ஒப்பிட்டால் அடி ஸ்டீலுக்குள் சூடு மிகக் குறைவாகத்தான் இறங்கும், கலப்பும் கொஞ்சம்தான், அதனால் வளைவும் குறையும். ஹைதராபாத்தில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இந்த வேலையில் நீண்ட காலமாக இருக்கிறது.

பெரிய டை (உலோக அச்சு) ஒன்றில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது, புதிதாகச் செய்தால் மாதங்கள் ஆகும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. அடிப்பகுதி அடியைத் தாங்கும் ஸ்டீலாக இருக்கட்டும், மேலே இரண்டு மில்லிமீட்டர் மட்டும் உராய்வைத் தாங்கட்டும் என்ற சேர்க்கை பாரிலும் கிடைக்காது, சாதாரணப் பிரிண்டிலும் கிடைக்காது.

பயம் இணைப்பில் இருக்கிறது. ஏற்கெனவே ஹார்ட்னிங் ஆன டையின் மேல் லேசர் ஓடும்போது பூச்சுக்கு நேர் கீழே ஒரு மெல்லிய பட்டை மறுபடி கடினமாகும், அதற்கும் கீழே இன்னொரு பட்டை கூடுதலாக டெம்பர் ஆகி மிருதுவாகும். அடி விழும் டையில் மேலே உள்ள கடினமான தகடு அந்த மிருதுவான பட்டை மேல் அமுங்கி அமுங்கிக் கடைசியில் பெயர்ந்துவிடும். இதைக் குறைக்க டையை முந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக வைத்துக்கொண்டே ஏற்ற வேண்டும், ஹெச்-13-இல் மார்ட்டன்சைட் தொடங்கும் புள்ளி அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. அதற்கு மேலேயே வைத்திருந்தால் அடுக்குக்கு அடுக்கு விரிசல் விடாது, முடித்த பிறகு மெதுவாக ஆறவிட்டு, உடனே டெம்பர் செய்ய வேண்டும். டெம்பரை விட்டுவிட்டு அவசரத்துக்கு மிஷினில் மாட்டினால் நிற்காது.

அனுப்பும் முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. பழைய டை என்ன ஸ்டீல் என்று ஸ்பெக்ட்ரோ (கலவைச் சோதனை) போட்டுப் பாருங்கள். நைட்ரைடிங் (நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்குவது) பண்ணிய மேற்பரப்பு என்றால் அதை முழுக்கக் கிரைண்ட் பண்ணி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் நைட்ரஜன் கிளம்பிப் பூச்சு முழுக்கத் துளைதான். உப்புத் தண்ணீரில் ஓடிய பாகம் என்றால் விரிசலுக்குள் புகுந்த துரு முழுக்கப் போகும் வரை தோண்டி எடுத்த பிறகே பூச வேண்டும்.

ஓரத்தில் சின்னச் சிராய்ப்பு, பார்ட்டிங் லைனில் (அச்சின் இரு பாதியும் சேரும் கோட்டில்) ஒரு பள்ளம் என்றால் இவ்வளவும் வேண்டாம். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மெல்லிய கம்பியை வைத்துப் பொட்டுப் பொட்டாக அடிக்கும் லேசர் வெல்டிங் கோயம்புத்தூர் டூல் ரூம்களில் கிடைக்கிறது, ஒரே நாளில் முடிந்துவிடும்.

## அப்படியென்றால் யாருக்கு எது

ஐஸ் பல், மட்டைக் கத்தி, அடி வாங்கும் எல்லாச் சின்னப் பாகமும்: பார் ஸ்டீல், சரியான ரகம், சரியான கடினம். கெட்டால் மாற்றிக்கொள்ளலாம், இரண்டு செட் செய்து வைத்துக்கொண்டால் தடைக்காலம் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பெரிய டை, உள்ளூர் தேய்மானம், அடி குறைவு: லேசர் பூச்சு. அடி அதிகமென்றால் பூசுவதைவிட அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்து இன்செர்ட்டாக மாற்றுவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

உருண்டை வடிவ பிளாஸ்டிக் பாகம், ஓயாத ஓட்டம், நல்ல தண்ணீர்: பிரிண்ட். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாருக்கே திரும்புங்கள்.

தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஓட்டம் உண்டு, வடிவமும் உருண்டை, தண்ணீர்தான் சரியில்லை. சில்லர் போட ஒத்துக்கொண்டார். அடிப்பகுதி நம் பட்டறையில் பாரில் கடைவது, மேல்பகுதி கோராக்ஸில் பிரிண்ட் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பவுடர் இந்த அடி ஸ்டீலோடு ஒட்டுமா என்று முதலில் ஒரு சின்னத் துண்டில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மிதவைக்குக் கேட்பு தடைக்காலத்தில்தான் ஏறும், வலை கட்டும் நாட்கள் அவை, ஆகவே ஜனவரிக்குள் ஆர்டர் போயாக வேண்டும். ஆர்டரில் கூடவே எழுதச் சொன்னது, அதே தட்டில், அதே உயரத்துக்கு, ஒரு விரல் தடிமனில் ஒரு சோதனைத் துண்டும் பிரிண்ட் ஆகி, அதே அடுப்பில் சூடாகி, பாகத்தோடு சேர்ந்து வர வேண்டும். அது வந்ததும் பாதியாக வெட்டி உச்சியிலும் அடியிலும் ராக்வெல் பார்ப்போம், பாலிஷ் போட்டுத் துளையை எண்ணுவோம், அதன் பிறகுதான் மீதிப் பணம்.